எழுத வந்த நம் பெண்மணிகள்

நம் பெண்டிரின் வாழ்க்கை முறை மாறிவருகிறது என்ற பேச்சு இன்று மேடைதோறும் கேட்கிறது. மாற்றம் என்றதும் மகிழ்வோர் ஒரு சாரார்; மரபு அழிகிறதே என்று வருந்துவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் பெண்களைப் பற்றிப் பேசுகின்றனரே அன்றி, பெண்கள் தாமே எழுதியவற்றைப் படித்துப் பேசுவோர் சிலரே. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் எது மரபு, எது மாற்றம் என்பது ஓரளவு தெளிவாகும்.

நம் முன்னோர் பெண்களுக்கென்று இயற்றிய நூல்களுள் 'பெண்புத்தி மாலை' பெயர் பெற்றது. இல்லத்தில் எவ்வாறு நடக்க வேண்டும் என்று பெண்ணுக்குப் புத்தி சொல்லும் நூல் அது. அறிவுரை கூறுவோன் ஆண், கேட்பவள் பெண். இதுவே நம் மரபு முழுவதும் என எண்ணினால் பிழையாகும். கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா 'மெய்ஞ்ஞான தீப இரத்தினம்' பாடினார். கச்சிப்பிள்ளையம்மாள் 'மெய்ஞ்ஞானக் குறவஞ்சி' பாடினார். இறைஞானத்தின் நுண்பொருளைப் பெண்கள் பாட, ஆண்களும் செவிமடுத்த காலம் அது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நபிமொழிகளை அறிவித்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை ஆசானாகக் கொண்ட சமுதாயத்துக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே பெண் வாய் திறப்பது புதுமையன்று; அவள் எதைக் குறித்துப் பேசுகிறாள் என்பதிலேதான் மாற்றம் நேர்ந்துள்ளது.

அம்மாற்றத்தின் முதற்படி நாகூரில் எழுந்தது. சித்தி ஜுனைதா பேகம் எழுதிய 'காதலா கடமையா' என்னும் நாவல் 1938இல் வெளிவந்தது. மகாமகோபாத்தியாயர் உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். பள்ளிப் படிப்பு சில வகுப்புகளோடு நின்றுவிட்ட ஒரு பெண்மணி, வீட்டிலிருந்தவாறே தமிழைப் பயின்று செந்தமிழ் நடையில் நாவல் படைத்தது அருஞ்செயல். ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். அந்நாவலின் களம் அரண்மனை. அதன் சிக்கல் அரசர்தம் சிக்கல். தம் தெருவையும் தம் வீட்டு முற்றத்தையும் அவர் அதில் எழுதவில்லை. எழுதுவதே துணிவாக இருந்த காலத்தில், தம்மைச் சுற்றியிருந்தோரை எழுதுவது இன்னும் பெருந்துணிவாக இருந்திருக்கும்.

நம் வீடுகளின் கதவைத் தமிழ் நாவலில் அகலத் திறந்தவர் தோப்பில் முஹம்மது மீரான். 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988இல் நூலாகிய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் அகமதுக்கண்ணு முதலாளியின் குடிப்பெருமைக்கு மகள் ஆயிஷாவின் வாழ்வு பலியாகிறது. ஊருக்குள் பள்ளிக்கூடம் வருவதையும் அதே பெருமைதான் எதிர்க்கிறது. இரண்டும் ஒரே நோயின் இரு குறிகள் என்பதை ஆசிரியர் காட்டிவிடுகிறார். எனினும் ஆயிஷாவின் துயரை நாம் வெளியிலிருந்தே காண்கிறோம். அவள் உள்ளத்துள் நுழைய அந்நூல் நம்மை அதிகம் அழைப்பதில்லை.

அந்த உள்ளத்துக்குள் நின்று எழுதியவர் சல்மா. துவரங்குறிச்சியில் பருவமெய்தியதும் படிப்பு நிறுத்தப்பட்டு, மணத்துக்குப் பின் மறைந்து எழுதி, புனைபெயரால் தம்மைக் காத்துக்கொண்டவர் அவர். பின்னாளில் பேரூராட்சித் தலைவராகி, 2025இல் மாநிலங்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2004இல் வெளிவந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் பருவத்தின் வாயிலில் நிற்கும் ராபியா, மணவாழ்வில் புழுங்கும் வஹிதா, மணமறுத்துத் தாய்வீடு திரும்பி மானத்தின் பெயரால் மாண்டுபோகும் பிர்தவ்ஸ் ஆகியோர் நம் கண்முன் நடமாடுகின்றனர். அடுக்களைப் பேச்சும், பெண்கள் தமக்குள் பரிமாறும் கேலியும் பெருமூச்சும் இவ்வளவு நெருக்கமாகத் தமிழில் அதற்குமுன் பதிவாகவில்லை என்பது நம் கருத்து.

வீட்டுச் செய்தியை வீதிக்குக் கொண்டுவந்தார் என்பது இத்தகைய எழுத்தின்மீது சாற்றப்படும் குற்றம். இது திறனாய்வு ஆகாது. எழுதியது உண்மையா, கலையாக உருப்பெற்றதா என்பவையே வினாக்கள். மேலும், இந்நாவல் இடித்துரைப்பவற்றுள் பெரும்பகுதி மார்க்கம் அன்று, ஊர் வழக்கம். பெண்ணுக்கு மஹர் கொடுக்கச் சொன்னது மார்க்கம். பெண்ணிடம் கைக்கூலி வாங்கியது வழக்கம். அறிவு தேடலை முஸ்லிம் ஒவ்வொருவர்க்கும் கடமையாக்கியது மார்க்கம். பருவமெய்தியதும் புத்தகத்தைப் பறித்தது வழக்கம். இவற்றைக் காட்டும் நூலை மார்க்கத்தின் பகையாகக் கருதுவோர், தாமே வழக்கத்தையும் மார்க்கத்தையும் ஒன்றாக்கிவிடுகின்றனர்.

எனினும் இந்நாவலில் ஒரு குறையை நாம் காணாதிருக்க இயலவில்லை. இதன் பெண்களுக்குத் தொழுகையும் நோன்பும் பெருமளவும் ஊர்க் கட்டுப்பாட்டின் பகுதியாகவே அமைந்துவிடுகின்றன. ஆசியா உம்மா தனிமையில் இறைவனோடு உறவாடினாரே, அந்த அகவெளி இவர்களுக்கு வாய்க்கவில்லை. துயருற்ற பெண் முசல்லாவில் அமர்ந்து அழுது ஆறுதல் பெறுவதும் நம் வீடுகளின் உண்மையே. சிறைப்பட்ட உடலை எழுதிய ஆசிரியர், நம்பிக்கையில் தழைக்கும் உள்ளத்தையும் எழுதியிருப்பின் சித்திரம் நிறைவுற்றிருக்கும்.

அந்நிறைவை இனி வரும் பெண்கள் தரக்கூடும். நீதிபதி பஷீர் அகமது சயீத் சென்னையில் மகளிர் கல்லூரி கண்டது 1955இல். ஆசியா உம்மா பாடிய கீழக்கரையிலேயே 1988 முதல் தாசீம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி இயங்குகிறது. அங்கெல்லாம் பயின்று, ஆசிரியராகவும் மருத்துவராகவும் அலுவலராகவும் பணிசெய்து, ஐவேளையும் தொழுது, பிள்ளைகளையும் வளர்க்கும் பெண் இன்று நம் தெருக்களில் அரிதல்லள். நாம் படித்தவரையில் அவளை முழுமையாகக் காட்டும் நாவல் இன்னும் வரவில்லை. பழமையின் கைதியாகவோ புதுமையின் விளம்பரமாகவோ அன்றி, இரண்டுக்கும் நடுவே நாள்தோறும் தானே முடிவெடுத்து வாழும் மனுஷியாக அவள் எழுதப்பட வேண்டும்.

அதனை அவளே எழுதுவதுதான் சிறப்பு. அதற்கு வீட்டார் செய்ய வேண்டியதும் உண்டு. மகள் எழுதியதை ஒளித்து வைக்கத் தேவையில்லாத ஒரு மேசையும், எழுதியதைப் படித்துக் குறையும் நிறையும் கூறும் ஒரு தகப்பனும் அவளுக்கு வேண்டும். ஒளிந்து எழுதும் நிலை சல்மாவோடு முடியட்டும். மறுமலர்ச்சி என்று நாம் மேடைகளில் பேசுவது, இன்ஷா அல்லாஹ், அப்பொழுது நம் வீடுகளிலும் காணப்படும்.