பெயரும் பொருளும்

உம்பர்த்தோ எக்கோ 1980-ல் வெளியிட்ட 'ரோஜாவின் பெயர்' நாவலைத் துப்பறியும் கதை என்று சொல்லிக் கையில் கொடுக்கிறார்கள். அப்படியும் படிக்கலாம்தான். 1327-ம் வருஷம், வட இத்தாலியில் ஒரு மடாலயம், ஏழு நாட்களில் வரிசையாகச் சாவுகள். துப்புத் துலக்க வரும் பிரான்ஸிஸ்கன் துறவி வில்லியம், தாம் ஒக்காமின் நண்பர் என்கிறார். அந்த ஒக்காமைத் தெரியாமல் படித்தால் பாதி நாவல் நஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

ஒக்காம், ஆக்ஸ்போர்டில் படித்த ஆங்கிலேயத் துறவி. அவர் பெயரில் வழங்கும் 'சவரக்கத்தி' வாசகம் அதே வடிவில் அவர் நூல்களில் இல்லை. போகட்டும், முக்கியமான விஷயம் வேறு. இந்தக் குதிரை உண்டு, அந்தக் குதிரை உண்டு. 'குதிரைத்தன்மை' என்று வெளியே ஒன்றும் இல்லை, அது மனம் இட்டுக்கொள்ளும் குறி என்றார் அவர். நம் நையாயிகர்கள் 'சாமானியம்' என்று ஆசனம் போட்டு உட்கார வைத்ததை அவர் வீட்டைவிட்டே அனுப்பிவிட்டார். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட உவப்பான தத்துவம் ஏது? 'தியாகமே உருவான தாய்' என்று ஒருத்தி எங்கும் கிடையாது; அடுப்படியில் கோபித்துக்கொள்ளும் ஒரு குறிப்பிட்ட தாய்தான் உண்டு.

எக்கோ இதை அறிந்தவர். முதல் நாளே, ஓடிப்போன குதிரையை வில்லியம் பார்க்காமலே வர்ணிக்கிறார். அதன் தலையும் காதும் எப்படி இருக்கும் என்று எப்படித் தெரிந்தது? நல்ல குதிரைக்குப் பழைய ஏடுகள் சொல்லும் லட்சணத்தைத்தான் மடத்துச் சாமியார்கள் தங்கள் குதிரையிடம் காண்பார்கள் என்ற ஊகம்! ரொம்ப நேர்த்தியான கேலி.

முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை. கொலைகளில் தாம் கண்ட ஒழுங்கு பொய் என்று தெரிந்ததும் வில்லியம் சோர்கிறார். உலகில் ஒழுங்கு இருந்தால் அது கடவுளின் சுதந்திரத்துக்கே இழுக்காகும் என்கிறார். வாதம் ஒக்காமைச் சேர்ந்தது. களைப்பு இருபதாம் நூற்றாண்டினுடையது. கடவுள் உலகை வேறுவிதமாகவும் படைத்திருக்கலாம். ஆகவே உட்கார்ந்த இடத்தில் ஊகிக்காதே, எழுந்து போய்ப் பார் என்பதல்லவா ஒக்காமின் போக்கு? 1328-ல் அவிஞோனிலிருந்து இரவோடு இரவாகத் தப்பி, பிறகு மியூனிக்கில் இருந்துகொண்டு, 1347-ல் சாகும்வரை போப்பை எதிர்த்து எழுதியவர் அவர். சோர்ந்த மனிதர் செய்கிற காரியமா அது?

நாவலில் ஒக்காமை எனக்கு உண்மையில் நினைவூட்டுவது வில்லியம் அல்ல, அந்தக் குடியானவப் பெண். ஓர் இரவு மட்டும் அவளை அறிந்த சீடன் அட்ஸோ, கிழவனான பிறகும் அவளை மறக்கவில்லை. அவள் பெயர் மட்டும் அவனுக்குக் கடைசிவரை தெரியாது.