ஆன்ட்மைனர் எஸ்21: எந்த விலை மின்சாரத்தைத் தாங்கும்?

பிட்காயின் மைனர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது ‘எத்தனை டெராஹாஷ்?’ என்றுதான். விற்பவர்களும் அந்த எண்ணைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். ஆனால் கையிலிருக்கும் காசைக் கரைப்பது மின்சாரம். ஒரு டெராஹாஷுக்கு எத்தனை ஜூல் செலவாகிறது என்று கேட்பதுதான் சரி.

ஆன்ட்மைனர் தயாரிப்பாளரான பிட்மெயினின் மூன்று தலைமுறைக் கருவிகளை அருகருகே ஓட்டிப் பார்த்தேன். 2016இல் வந்த எஸ்9, 14 டெராஹாஷுக்கு ஏறத்தாழ 1,370 வாட் இழுக்கும். டெராஹாஷுக்கு 98 ஜூல். எஸ்19ஜே புரோ 100 டெராஹாஷுக்கு 3,050 வாட், 30.5 ஜூல். 2023இல் அறிமுகமான எஸ்21 200 டெராஹாஷுக்கு 3,500 வாட், 17.5 ஜூல். வேலைத்திறனில் எஸ்21 அசத்துகிறது, சந்தேகமே இல்லை.

வீட்டில் வைக்க முடியுமா? முடியாது. 75 டெசிபல் இரைச்சலில் பக்கத்து அறையில்கூடப் பேச முடியவில்லை. 3,500 வாட்டும் அப்படியே வெப்பமாக அறையில் இறங்குகிறது. 230 வோல்ட்டில் 15 ஆம்பியருக்கு மேல் இரவும் பகலும் ஓடும். சாதாரண 16 ஆம்பியர் பிளக்கை நம்பாதீர்கள். தனி லைன், தனி எம்சிபி கட்டாயம்.

இனி காசுக் கணக்கு. 2024 ஏப்ரலில் வெகுமதி பாதியான ஹாவிங்குக்குப் பிறகு ஒரு பிளாக்குக்கு 3.125 பிட்காயின்; நாளொன்றுக்கு உலகம் முழுவதற்கும் சுமார் 450. நெட்வொர்க்கின் மொத்த வேகம் 1,000 எக்ஸாஹாஷ், ஒரு பிட்காயின் 80 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எஸ்21இன் ஒரு நாள் வரவு 720 ரூபாய். செலவு 84 யூனிட். அதாவது யூனிட் எட்டரை ரூபாய் வரை தாங்கும். எஸ்19ஜே புரோ ஐந்து ரூபாயைத் தொட்டாலே மூச்சுத் திணறும். எஸ்9க்கு ஒன்றரை ரூபாய்தான் எல்லை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

நம் ஊரில் இன்னொரு சுமை உண்டு. கிரிப்டோ வருமானத்துக்கு 30 சதவீத வரி. மைனிங்குக்கான மின்கட்டணத்தை அதில் கழிக்க முடியாது. அந்த 720இல் வரி போக மிஞ்சுவது 504. எஸ்21இன் எல்லை யூனிட்டுக்கு ஆறு ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. இதில் கருவியின் விலை இன்னும் சேரவில்லை. நெட்வொர்க் வேகம் ஏற ஏற இந்த எல்லை மேலும் இறங்கும்.

ஏற்கெனவே எஸ்19ஜே புரோ வைத்திருப்பவர்கள் பிரெய்ன்ஸ் போன்ற மாற்று ஃபர்ம்வேர் போட்டு வேகத்தைக் குறைத்து ஓட்டலாம். வேகம் குறைவதைவிட வாட் அதிகமாகக் குறைகிறது. புதிதாக வாங்குவதென்றால் மூன்றில் எஸ்21 மட்டுமே. அதுவும் யூனிட் நான்கு ரூபாய்க்குள் கிடைத்தால். கையிலுள்ள மின் ரசீதைப் பாருங்கள். யூனிட்டுக்கு நான்கு ரூபாயைவிட அதிகம் கட்டுகிறீர்கள் என்றால் வாங்க வேண்டாம்.