வார்ப்பிற் பொருந்தா மாந்தர்

கலைஞன் மாந்தரைப் படைக்குந் திறம் இருவகைப்படும். ஒரு கூட்டத்தார்க்குப் பொதுவாகவுள்ள இயல்புகளைத் திரட்டி ஒருவனிடத்தே ஏற்றிக் காட்டுவது ஒன்று; ஒருவனை அவனுக்கேயுரிய இயல்புகளோடு காட்டுவது மற்றொன்று. முன்னவரை வகைமாந்தர் என்றும் பின்னவரைத் தனிமாந்தர் என்றும் கூறலாம். உலோபியையும் கொடுமைக்கார மாமியையும் வகைமாந்தராக்குவதாற் பெருந்தீங்கு விளைவதில்லை. அத்தகையோரை யாவரும் வாழ்விற் கண்டிருப்பர். நாடகம் மிகைப்படுத்தினால் அம்மிகையை உலகியலறிவு திருத்திக்கொள்ளும். ஆனால், தாம் நேரில் அறிந்திராத கூட்டத்தாரைப் பற்றிப் படிப்போருக்கு அவ்வாறு திருத்துவதற்கு வேறறிவு இல்லை. அவர்களுக்கு வார்ப்பே அறிவாகிவிடுகின்றது. ஓட்டிசம் உடையோர் பற்றிய புகழ்பெற்ற படைப்புக்கள் சிலவற்றை ஆராயுமிடத்து இவ்வுண்மை தெளிவாகும்.

பொதுமக்கள் உள்ளத்திற் பதிந்துள்ள வார்ப்பு யாது? ஓட்டிசம் உடையவன் ஓர் ஆண், பேச்சுக் குறைந்தவன், பிறர் முகம் நோக்காதவன், உணர்ச்சியற்றவன், ஆயின் கணக்கிலோ நினைவாற்றலிலோ வியத்தகு வல்லுநன் என்பதே அது. இவ்வார்ப்பு முற்றிலும் பொய்யன்று. அதனை ஒத்தோரும் உளர். ஆயினும் அஃது ஒரு பெரும்பரப்பின் ஒரு மூலையே. 1943இல் அமெரிக்காவில் லியோ கன்னர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் 8 பேர் சிறுவர், 3 பேர் சிறுமியர். 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் விரித்துரைத்த நால்வரும் சிறுவரே. தொடக்கத்தில் ஆராயப்பட்டோர் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளாக இருந்தமையால், பின்னர் வந்தோரும் அவர்களையே தேடினர், தேடியவற்றையே கண்டனர். எனினும் 1979இலேயே இங்கிலாந்தில் லோர்னா விங், யூடித் கூல்ட் ஆகிய இருவரும் வேறுபட்ட மூன்று நிலைகளை எடுத்துக்காட்டினர். பிறரிடமிருந்து ஒதுங்கி நிற்போர் ஒருசாரார்; தாமாக அணுகாவிடினும் பிறர் அணுகின் இணங்குவோர் மற்றொருசாரார்; தாமே வலிந்து சென்று பேசியும் உலக வழக்கிற்கு ஒவ்வாத முறையிற் பழகுவோர் மூன்றாஞ்சாரார். எனவே, ஓயாது பேசும் ஓட்டிசத்தாரும் உளர் என்பது புதிய செய்தியன்று. கலையுலகே அதனை ஏற்கப் பிந்தியது.

இவ்வார்ப்பை உலகெங்கும் பரப்பிய படைப்பு 1988இல் வெளிவந்த 'ரெயின் மான்' என்னுந் திரைப்படமாகும். பரி லெவின்சன் நெறிப்படுத்திய அப்படத்தில் ரேமண்ட் என்னும் பாத்திரத்தை ஏற்று நடித்த டஸ்ரின் ஹொஃப்மன் ஒஸ்கார் பரிசு பெற்றார். நிலத்திற் சிந்திய 246 பற்குச்சிகளை ரேமண்ட் நோக்கியவுடன் எண்ணிக் கூறுங் காட்சியை அறியாதார் அரியர். இப்படத்தின் சிறப்பை மறுத்தலாகாது. ஓட்டிசம் என்னுஞ் சொல்லையே கேட்டிராத கோடிக்கணக்கானோர் அதனை இதன் வாயிலாகவே கேட்டனர். முடிவில் ரேமண்டைக் 'குணப்படுத்தி' மகிழ்விக்கும் மலிவான உத்தியையும் படம் நாடவில்லை. மாறுபவன் அவன் தம்பி சார்லியே. ஆனால், அச்சிறப்பிலேயே குறையும் அடங்கியுள்ளது. கதை முழுவதும் சார்லியின் வளர்ச்சிக்காக அமைந்தமையால், ரேமண்ட் அவ்வளர்ச்சியை அளக்குங் கோலாக மட்டும் நின்றுவிடுகிறான். குளியலறையில் வெந்நீரைக் கண்டு அவன் அலறும் ஓரிடத்திலேயே, நெடுங்காலம் சுமந்த ஒரு துயரம் வெளிப்பட்டு, அவன் தனிமாந்தனாகின்றான். ஏனைய இடங்களிற் பெரும்பாலும் அவன் செய்வன யாவும் அவனுக்கு இடப்பட்ட பெயரிலிருந்து முன்னரே ஊகிக்கத்தக்கன.

இங்குக் குறிக்கத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. இப்பாத்திரத்திற்குத் தூண்டுதலாயிருந்தவர் கிம் பீக் என்பவர். அவருடைய நினைவாற்றல் வியப்பிற்குரியதே. ஆனால், அவருடைய நிலை ஓட்டிசம் அன்று, வேறொரு பிறவிநிலை என்றே பின்னர் கருதப்பட்டது. ஓட்டிசத்தாரை அளக்க உலகம் கைக்கொண்ட கோல் ஓட்டிசத்தார் அல்லாத ஒருவரிடமிருந்து வந்தது என்பது எண்ணத்தக்கது.

2003இல் மார்க் ஹட்டன் எழுதிய நாவல் ஒருபடி முன்னேறியது. இரவில் இறந்துகிடந்த நாயைப் பற்றித் துப்பறியப் புகும் 15 வயதுக் கிறிஸ்தோபர், தன் கதையைத் தானே கூறுகின்றான். ரேமண்டை வெளியே நின்று நோக்கிய வாசகர் இங்கே உள்ளே புகுகின்றனர். தான் கண்டதை அவன் விடாது கூற, அவன் விளங்கிக்கொள்ளாத தந்தையின் துயரத்தை வாசகர் விளங்கிக்கொள்வது இந்நாவலின் அருந்திறன். அச்சத்தை அடக்கிக்கொண்டு சுவின்டனிலிருந்து இலண்டனுக்கு அவன் தனியே செல்லும் பகுதியில், வார்ப்பை மீறிய ஓர் உயிர் துடிக்கின்றது. ஆயினும் பகா எண்களால் இலக்கமிட்ட அதிகாரங்களும், கணிதத் தேர்விற் பெறும் வெற்றியும் பழைய வார்ப்பையே மீண்டும் வலுப்படுத்துகின்றன. நாவலினுள் 'அஸ்பேர்கர்' என்னும் பெயர் இல்லை. நூலின் அட்டையே அதனைச் சொல்லிற்று. இந்நூல் அந்நிலையைப் பற்றியதன்று என்று 2009இல் ஆசிரியரே விளக்கவும் நேர்ந்தது. அதற்குள் பல பாடசாலைகளில் அது பாடநூலைப் போலப் பயன்பட்டுவிட்டது.

இவ்விரு படைப்புக்களுக்கும் எதிரே வைத்து நோக்கத்தக்கது, அவுஸ்திரேலியரான டொன்னா வில்லியம்ஸ் 1992இல் வெளியிட்ட 'நோபொடி நோவெயர்' என்னுந் தன்வரலாறு. இளமையிற் செவிடோ என ஐயுறப்பட்ட அவர், ஓட்டிசம் உடையவர் என அறியப்பட்டது வளர்ந்த பின்னரே. ஏன் அத்துணைத் தாமதம்? அவர் இரு வேடங்களைப் புனைந்து அவற்றின் பின்னே வாழ்ந்தார். அவற்றுள் 'கரோல்' என்பவள் சிரிப்பாள், கலகலவெனப் பேசுவாள், எவரோடும் பழகுவாள். உலகம் கண்டது கரோலையே. சிரிப்பதால் அவர் ஓட்டிசத்தினின்று நீங்கியவரல்லர். அச்சிரிப்பே அவர் இறுத்த வரி.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கின்றது. உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் புறத்தார்க்குப் புலனாகும் என்பதே அக்கோட்பாட்டின் அடிப்படை. கூத்திற்கும் செய்யுளுக்கும் அஃது இன்றியமையாதது. ஆனால், டொன்னாவின் நூல் அவ்வடிப்படைக்கே ஒரு வினாவை எழுப்புகின்றது. புறத்தே நகை தோன்ற உள்ளே அச்சம் நிறைந்திருக்கலாம். புறத்தே யாதுந் தோன்றாதிருக்க உள்ளே அழுகை பெருகலாம். குறிகளை மட்டும் கொண்டு மாந்தரை அளக்கும் கலை, ரேமண்டைக் காணும். கரோலின் பின்னே நிற்பவளைக் காணாது. 2013இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடும், கற்றுக்கொண்ட உத்திகளால் ஓட்டிசத்தின் குறிகள் மறைந்திருத்தல் கூடும் என ஏற்றுக்கொண்டது.

தன்வரலாறும் வார்ப்பினின்று முற்றும் தப்பியதன்று. அமெரிக்கரான ரெம்பிள் கிராண்டின் 1995இல் எழுதிய நூலிலே, தாம் படங்களாலேயே சிந்திப்பதாகக் கூறி, ஓட்டிசத்தார் பிறரும் அவ்வாறே சிந்திப்பர் எனக் கருதினார். பின்னர் வந்த பதிப்பில் அக்கருத்தைத் திருத்தி, எண்ணாலும் ஒழுங்கமைப்பாலும் சிந்திப்போரும், சொல்லாற் சிந்திப்போரும் உளர் என உடன்பட்டார். தம் அனுபவத்தையே பொதுவிதியாக்கிவிடும் வழு எவர்க்கும் நேரலாம் என்பதும், சான்று கண்டவிடத்து அதனைத் திருத்தல் அறிஞர்க்கு அழகென்பதும் இதனாற் பெறப்படும்.

ஒரு நாவல் ஒருவனுடைய கதையைக் கூறுவது. அது கூட்டத்தார் அனைவரையும் காட்டவேண்டும் எனக் கேட்பது முறையோ எனச் சிலர் வினவுவர். முறையன்றுதான். ஒரு படைப்பு ஒருவரைச் செம்மையாகக் காட்டினாற் போதும். ஆயின் அவ்வொருவரே எல்லாரும் என வாசகர் கொள்வாராயின், குற்றம் படைப்பினது மட்டுமன்று. மாந்தர் ஒருவர் தமக்கு இடப்பட்ட பெயரை மீறி நம்மை எங்கேனும் வியக்கவைக்கின்றாரா என்பதே திறனாய்வாளன் கேட்கவேண்டிய வினா.

அதே வினா வகுப்பறைக்கும் உரியது. கணக்கில் வல்லவனல்லாத மாணவனும், தோழியரைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கக் கற்ற மாணவியும் ஆசிரியர் முன் அமர்ந்திருத்தல் கூடும். மணியோசையும் இரைச்சலும் அவர்களை வருத்தலாம். பாடசாலையில் அடக்கியதெல்லாம் வீட்டிற் கண்ணீராய் வெடிக்கலாம். 'இவளுக்கு அஃது இருக்கமுடியாது, நன்றாகப் பேசுகிறாளே' என்னும் ஒரு சொல், அவர்கள் பெறவேண்டிய உதவியைப் பல்லாண்டு தள்ளிவைக்கும். அச்சொல்லைச் சொல்பவர் பெரும்பாலும் கொடியவரல்லர். ஒரு திரைப்படத்தைக் கண்டு, ஒரு நாவலைப் படித்து, அவற்றோடு அமைந்தவர். அவர்க்கு வேண்டுவது மூன்றாவது நூலொன்று. அதன் பின்னர் தம்முன் இருக்கும் பிள்ளையை நூல்களின் துணையின்றி நோக்கும் பொறுமை.