யாருடைய வெற்றி?

கே.ஜி.கண்டிகையிலிருந்து என் அக்காள் மகனைச் சென்னைக்கு அழைத்துப் போயிருந்தேன். கோட்டைக்கருகே, கடற்கரைச் சாலையிலே, போர் நினைவுச் சின்னம் இருக்கிறதல்லவா? அதைப் பார்த்துவிட்டுப் பையன் கேட்டான்: "இதிலே யார் ஜெயித்தது, மாமா?"

அதன் பெயரே வெற்றிப் போர் நினைவுச் சின்னம். 1914–18 யுத்தத்தில் நேச நாடுகள் ஜெயித்ததற்காக எழுப்பியது. பிறகு இரண்டாம் உலக யுத்தம், 1948 காஷ்மீர், 1962 சீன யுத்தம் எல்லாம் அதிலே சேர்ந்தன. 1962-இல் நாம் ஜெயிக்கவில்லை என்பது பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மாண்டவர்களை மதித்துத்தான் சேர்த்தார்கள், நியாயமே. ஆனால் 'வெற்றி'யை எடுத்துவிட ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்கு முன்பு அங்கே வழங்கிய ஆங்கிலப் பெயருக்கு மன்மதன் வில் என்று அர்த்தம். பெயர் விஷயத்தில் அந்த இடத்துக்கு ராசியே இல்லை!

திரும்பும்போது ரயிலில், செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். மகேந்திரவர்மன் காலத்துக் கல். எருமைகளைக் காக்கப்போய் மாண்ட கருந்தேவகத்தியின் பெயர் அதில் இருக்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற நாயின் பெயரும் இருக்கிறது: கோவிவன். ஜெயித்தவர் யார் என்பதுதான் இல்லை.

பையன் அதைப் பற்றிக் கேட்கவில்லை. திருத்தணி வரும்வரை நாயின் கதையையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தான்.