முகம் பலவாதல் வஞ்சமோ?

மனிதன் ஒருவனே, அவனுக்குரிய நிலைகளோ பல. தாய்க்கு மகனாயும், மாணாக்கர்க்கு ஆசிரியனாயும், கோயிலில் அடியானாயும், சங்கத்தில் தோழனாயும் ஒருவனே நிற்கின்றான். இந்நிலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பன. இணையத்திலே இவற்றை எவ்வாறு புலப்படுத்துவது என்பது ஆராயற்பாலது.

முகநூல் 2004இல் தோன்றியது. அதனை நிறுவியவருள் முதல்வரான மார்க் சுக்கர்பேர்க், ஒருவர் இரண்டு அடையாளங்கள் கொண்டிருத்தல் நேர்மைக் குறைவைக் காட்டும் என்றார். டேவிட் கேர்க்பற்றிக் 2010இல் வெளியிட்ட முகநூல் வரலாற்றிலே இக்கருத்து இடம்பெற்றுள்ளது.

இக்கருத்துப் பொருந்துமா? தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புக்களுள் கூற்று, கேட்போர், களன் என்பனவும் அடங்கும். சொல்வார் யார் என்பதோடு கேட்பார் யார், இடம் யாது என்பனவும் தெரிந்தாலன்றிப் பொருள் விளங்காது. தோழியிடம் நெஞ்சந் திறக்குந் தலைவி, செவிலியிடம் களவை மறைக்கின்றாள். அதுபற்றி அவளை நேர்மையற்றவள் என்பார் இலர். முகநூலோ தோழியையும் செவிலியையும் ஊராரையும் ஒரே களத்தில் இருத்திவிட்டது. எனவே, குறை பேசுவாரிடத்தன்று. களத்தின் அமைப்பிடத்தே உளது.

இதன் விளைவு 2014இல் வெளிப்பட்டது. சான்பிரான்சிஸ்கோவிற் பெண்வேடம் புனைந்தாடுங் கலைஞர் பலரின் கணக்குகள், மேடைப்பெயரில் இருந்தமையால் முடக்கப்பட்டன. நண்பரும் சுவைஞரும் அவர்களை அறிந்ததோ அப்பெயராலேயே. எதிர்ப்பு வலுக்க, அவ்வாண்டு ஒக்டோபரில் நிறுவனம் மன்னிப்புக் கோரியது. 2023இலே, முதன்மைக் கணக்கோடு மேலும் நான்கு முகப்புக்களை ஒருவர் வைத்திருக்கவும் இடமளித்தது. முன்னைய கொள்கை வாழ்க்கைக்கு ஒவ்வாதென்பதை இச்செயலே காட்டும்.

புனைபெயரில் ஒளிந்து அவதூறு பரப்புவார் உளரே எனின், உண்மையே. ஆயினும், பிறரை ஏமாற்றுதல் வேறு. கேட்போர் அறிந்து பேசுதல் வேறு. முன்னையதைத் தடுக்கப் பின்னையதைப் பறித்தல் முறையன்று.

இன்னுமொன்று உளது. முகப்புக்களைப் பெருக்குதலாலும் வினா முற்றத் தீராது. பெண்ணாயும் தொழிலாளியாயும் உள்ள ஒருத்திக்கு, அவ்விரு நிலையுங் கூடுமிடத்தே தான் சொல்லவேண்டிய செய்தி பிறக்கின்றது. அவளைக் கூறுகூறாக வகுத்தால் அச்செய்தி அழியும். ஒன்றாக நிற்கும்படி வற்புறுத்தினால் அவளுக்கு ஊறு நேரும். எங்கே இணைவது, எங்கே பிரிவது என்று தெரியும் உரிமை பேசுவார்க்கே உரியதாதல் வேண்டும். அவ்வுரிமையை வழங்காத களம், எத்துணைப் பெரிதாயினும் நல்ல களமாகாது.