நாற்பது மணி நேரத்தில் ஒரு மேற்பார்வையாளர்

தலைமேல் ஒரு கூண்டைக் கவிழ்த்து, அதற்குள் சாக்கரின் கரைத்த நீரை மென்துளிகளாகப் பீய்ச்சுகிறார்கள். உள்ளே இருப்பவர் முகமூடி அணிந்திருக்கிறார். வாயால் மூச்சுவிட வேண்டும். தலையை இடவலமாகத் திருப்ப வேண்டும், மேலும் கீழும் அசைக்க வேண்டும், குனிந்து நிமிர வேண்டும், ஒரு பத்தியை உரக்கப் படிக்க வேண்டும். இதற்கிடையில் எப்போதாவது நாக்கில் இனிப்புத் தட்டினால் அந்த முகமூடி அந்த முகத்துக்கு ஆகாது. தாடி வைத்தவருக்குச் சோதனையே கிடையாது. மழித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அமெரிக்காவில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) அகற்றும் வேலைக்கு மேற்பார்வையாளராக வர நினைப்பவர், பயிற்சியின்போது முகமூடிப் பொருத்தச் சோதனையைக் கடந்தாக வேண்டும். அதற்கான முறைகளில் இது ஒன்று.

இனிப்பை நாக்கு கண்டுபிடித்துவிடும். கல்நார் இழையை எந்தப் புலனும் கண்டுபிடிக்காது. வாசனை இல்லை, சுவை இல்லை, உடனே மூச்சு முட்டுவதும் இல்லை. நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். சாரம் கட்டியதில் தவறு இருந்தால் அன்றைக்கே சாரம் சரியும். மின் இணைப்பில் தவறினால் அந்த நொடியே தெரியும். கல்நார் வேலையில் கோட்டைவிட்ட மேற்பார்வையாளரோ சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களும் அப்படித்தான். பிழை தன்னைக் காட்டிக்கொள்ளாத தொழில் இது. ஆகவே இதை நடத்துகிறவருக்கு எதை, எவ்வளவு கற்றுத்தருகிறார்கள் என்பதை வெறும் நிர்வாகச் சங்கதியாக என்னால் பார்க்க முடியவில்லை.

அமெரிக்க ஏற்பாட்டின் வேர் பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. வகுப்பறைக் கூரைகளிலும் கொதிகலன் அறைக் குழாய்களிலும் இருந்த கல்நாரைக் குறித்த அச்சத்தில் 1986-இல் ஒரு சட்டம் வந்தது. பள்ளிகளில் கல்நாரைத் தொடுகிறவர்கள் பயிற்சிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்றது அது. 1990-இல் அந்த விதி பொது, வணிகக் கட்டடங்களுக்கும் விரிந்தது. 1994-இல் பாடத்திட்டம் திருத்தப்பட்டது. அதன்படி தொழிலாளிக்கு 4 நாள், 32 மணி நேரப் பயிற்சி. மேற்பார்வையாளருக்கு 5 நாள், 40 மணி நேரம். இருவருக்கும் குறைந்தது 14 மணி நேரம் செய்முறை. மேற்பார்வையாளருக்கு 100 கேள்விகள் கொண்ட கொள்குறித் தேர்வு உண்டு. 70 சரியாக இருந்தால் தேர்ச்சி. அதன்பின் ஆண்டுதோறும் ஒரு நாள் மீள்பயிற்சி. மாநிலங்கள் இதைவிடக் கடுமையாக விதி வகுக்கலாம், தளர்த்தக்கூடாது.

இந்தத் திட்டத்தின் பெரிய பலமாக நான் கருதுவது அந்த 14 மணி நேரத்தை. குழாயைச் சுற்றியுள்ள காப்புறையை அகற்றக் கையுறைப் பை என்று ஒன்று இருக்கிறது. கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் பை. உட்பக்கமாக நீளும் இரண்டு கைகள் அதிலேயே ஒட்டப்பட்டிருக்கும். பையைக் குழாயைச் சுற்றி மூடி, காற்றுப் புகாமல் ஒட்டி, கருவிகளை முன்கூட்டியே உள்ளே போட்டுவிட வேண்டும். பிறகு வெளியே நின்றபடி கைகளை நுழைத்து, காப்புறையை நனைத்து, வெட்டி, பையின் அடியில் விழவைக்க வேண்டும். வெறும் தண்ணீர் போதாது, அது மேலோடு வழிந்துவிடும். சோப்புபோல் வேலை செய்யும் ஒரு பொருளைக் கலந்தால்தான் இழைகளுக்குள் இறங்கும். கத்தியை உள்ளே வைக்க மறந்தவருக்குப் பையை மூடிய பிறகுதான் ஞாபகம் வரும். அந்தத் தவிப்பை ஒருமுறை மாதிரிக் குழாயில் அனுபவித்தவர் நிஜக் குழாயில் மறக்கமாட்டார். படம் காட்டி விளக்குவதால் மட்டும் இது வராது.

இன்னொரு பலம் சட்டத்தின் சொல்லாட்சியில் இருக்கிறது. அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு விதிகள் கல்நார்ப் பணியிடத்தில் ‘தகுதியுள்ள நபர்’ ஒருவர் இருக்க வேண்டும் என்கின்றன. ஆபத்தை இனங்காணத் தெரிந்தால் மட்டும் அவர் தகுதியுள்ளவர் ஆகிவிடுவதில்லை. அதை உடனே களைய அதிகாரமும் இருக்க வேண்டும். மிக ஆபத்தான வகை வேலையில் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருமுறையாவது அவர் நேரில் பார்வையிட வேண்டும். தொழிலாளி கேட்டால் எப்போது வேண்டுமானாலும் வர வேண்டும். அறிவையும் அதிகாரத்தையும் ஒரே வரையறைக்குள் கட்டியவர்களுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது.

ஆனால் வகுப்பறை அந்த வரையறையில் பாதியைத்தான் கற்றுத்தருகிறது. காற்றில் எத்தனை இழை இருக்கலாம் என்று தேர்வில் கேட்கலாம். எட்டு மணி நேரச் சராசரியில் கன சென்டிமீட்டருக்கு 0.1 இழை என்று எழுதி மதிப்பெண் வாங்கலாம். வேலையை நிறுத்துகிறாயா என்று மட்டும் கொள்குறித் தேர்வில் கேட்க முடியாது. வெள்ளிக்கிழமை மாலை. தடுப்பாகக் கட்டிய பாலித்தீன் திரை ஒரு மூலையில் பிய்ந்து தொங்குகிறது. திங்கட்கிழமை காலை கட்டடத்தை ஒப்படைத்தாக வேண்டும். முதலாளி தொலைபேசியில் இருக்கிறார். நிறுத்தினால் ஆறு பேரின் கூலி வீணாகும், அடுத்த ஒப்பந்தமும் கைநழுவலாம். இந்த இடத்தில் என்ன செய்வது என்பதுதான் மேற்பார்வையாளரின் வேலையே. பாடத்திட்டத்திலுள்ள பத்துப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட தலைப்புகளில் ‘மேற்பார்வை உத்திகள்’ ஒரே ஒரு தலைப்பு. காப்பீடும் ஆவணம் பேணலும் அதற்குச் சமமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. தொழிலாளிக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையே கணக்குப் பார்த்தால் மிஞ்சுவது எட்டு மணி நேரம். ஒரு நாள் கூடுதலாக உட்கார்ந்தவர் பத்துப் பேரின் நுரையீரலுக்குப் பொறுப்பாளி ஆகிவிடுகிறார்.

அமெரிக்க மத்திய விதி களஅனுபவம் கேட்பதில்லை. ஆஸ்திரேலியா கேட்கிறது. அங்குள்ள மாதிரி விதிகளின்படி, எளிதில் பொடியாகும் கல்நாரை அகற்றும் ‘ஏ’ வகை உரிமத்துக்கு மேற்பார்வையாளர் பயிற்சியோடு 3 ஆண்டுத் தொழில் அனுபவமும் காட்ட வேண்டும். பொடியாகாத வகைக்கான ‘பி’ உரிமத்துக்கு 1 ஆண்டு. ‘ஏ’ வகை வேலை நடக்கும் நேரம் முழுக்க அவர் களத்திலேயே நிற்க வேண்டும். விட்டனூம் நீலக் கல்நார்ச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களைப் பல பத்தாண்டுகளாகப் புதைத்துவந்த நாடு அது. இந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

அனுபவம் வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. திரை எந்த மூலையில் முதலில் பிய்யும், வெக்கையில் எத்தனையாவது மணி நேரத்தில் ஆட்கள் முகமூடியைத் தளர்த்துவார்கள் என்பதெல்லாம் களத்தில்தான் தெரியவரும். ஆனால் இந்தத் தொழிலில் அனுபவம் பொய்யும் சொல்லும். இருபது ஆண்டுகள் உலர்ந்த கல்நாரைச் சுரண்டியவர், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நெஞ்சார நம்பிச் சொல்வார். நோய் தன் முறைக்குக் காத்திருக்கிறது என்பதை அவருடைய உடல் அவருக்கு இன்னும் சொல்லவில்லை. அந்த நம்பிக்கை இளைஞர்களுக்கும் தொற்றும். ஆகவே மீள்பயிற்சி பழைய விதிகளை ஒப்பிக்கும் ஒருநாள் சடங்காக இருந்தால் போதாது. பழகிப்போன கையைப் பிடித்துத் திருத்துவதாக இருக்க வேண்டும். நான் திருத்தி எழுதுவதென்றால் முதலில் கைவைக்கும் இடம் இதுதான்.

சான்றிதழே பொய்யானால் மணிக்கணக்கைப் பற்றிப் பேசி என்ன பயன்? மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் மெத்தூயென் ஊரில் நடந்த ஒரு கல்நார்ப் பயிற்சிக் கூடம், வகுப்புக்கே வராத நூற்றுக்கணக்கானோருக்குச் சான்றிதழ் கொடுத்தது. பெரும்பாலோர் ஆவணமில்லாமல் குடியேறியவர்கள். அதே உரிமையாளர் ஓர் ஆளனுப்பும் நிறுவனத்தையும் வைத்திருந்தார்; சான்றிதழ் பெற்றவர்களை அதன் வழியாக நிஜக் கல்நார் வேலைக்கே அனுப்பினார். 2008-இல் பாஸ்டன் நீதிமன்ற நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. அந்த ஆட்கள் என்ன கையாளுகிறோம் என்று தெரியாமலேயே கட்டடங்களுக்குள் போனார்கள் என்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

நியூயார்க் மாநிலத்தில் நடந்த இன்னொரு வழக்கு இதைவிடக் கசப்பானது. அங்கே குறை பயிற்சியில் இல்லை. அகற்றும் நிறுவனம் ஆட்களை விட்டுக் கல்நாரை நனைக்காமல் பிய்க்க வைத்தது. வேலை முடிந்தபின் காற்று சுத்தம் என்று சான்று தந்த ‘சுதந்திரமான’ ஆய்வகத்தில் அந்த நிறுவனத்தாருக்கே ரகசியப் பங்கு இருந்தது. 2004-இல் உரிமையாளருக்கு 25 ஆண்டும் அவருடைய தந்தைக்கு 19 ஆண்டு 6 மாதமும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் மேற்பார்வையாளர்கள் பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். எப்படிச் செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள்தான் அதைச் செய்யாமல் விட்டார்கள். சம்பளம் கொடுப்பவர் விரைவைக் கேட்கும்போது, அவரிடமே சம்பளம் வாங்குபவர் வேலையை நிறுத்தும் அதிகாரத்தைக் காகிதத்தில் மட்டும் வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியா இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது: பொடியாகும் கல்நாரை அகற்றியபின் இடம் சுத்தம் என்று சான்று தருபவர், அகற்றியவரோடு தொடர்பில்லாத உரிமம் பெற்ற மதிப்பீட்டாளராக இருக்க வேண்டும். நாற்பது மணி நேரத்தை எண்பது ஆக்குவதைவிட இந்த ஒரு விதி அதிகம் காக்கும் என்பது என் எண்ணம்.

நமக்கு இதில் என்ன? இந்தியாவில் 1986-க்குப்பின் புதிய கல்நார்ச் சுரங்கக் குத்தகை தருவது நிறுத்தப்பட்டது. 1993 முதல் பழைய குத்தகைகளையும் புதுப்பிக்கவில்லை. ஆனால் இறக்குமதி நிற்கவில்லை. நம் தெருக்களின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள் அதற்குச் சாட்சி. உச்ச நீதிமன்றம் 1995-இல், கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை அவர் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகளாவது, அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்றது. நோயின் நீண்ட மௌனத்தை உணர்ந்து சொன்ன தீர்ப்பு அது. ஆனால் அந்தப் பதிவேடு ஆலைக்குள் இருப்பவருக்கு. இருபது ஆண்டு கழித்து அதே ஷீட்டைக் கூரையிலிருந்து இறக்குபவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

முதலில் தடை வரட்டும், பிறகு பயிற்சியைப் பார்க்கலாம் என்று சிலர் சொல்லக்கூடும். அமெரிக்கா வெள்ளைக் கல்நாரைத் தடைசெய்யும் விதியை வெளியிட்டது 2024 மார்ச்சில். அகற்றுகிறவருக்குப் பயிற்சி வேண்டும் என்ற சட்டம் அதற்கு 37 ஆண்டுகளுக்கும் முன்பே வந்துவிட்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த 40 மணி நேரத்தை அப்படியே பெயர்த்து இங்கே நடவும் முடியாது. அது கொதிகலன் அறைக்கும் தெளிப்புக் கூரைக்கும் சேர்த்து எழுதப்பட்டது. நம் ஷீட் சிமென்டில் இறுகியது. உடைக்காதவரை இழையைப் பெரும்பாலும் பிடித்து வைத்திருக்கும். அமெரிக்காவிலேயே கூரை, தரைபோல ஒரே வகைப் பொருளை மட்டும் அகற்றும் தொழிலாளிக்குச் செய்முறையும் அடங்கிய 8 மணி நேரப் பயிற்சி போதும் என்று தனி ஏற்பாடு உண்டு. மேஸ்திரிகளுக்கு அப்படி ஒரு நாளில் தொடங்கலாம். ஷீட்டின் மேல் நேரடியாகக் கால் வைக்காதே, பலகை போட்டு நட. உடைந்து விழுந்தால் நோய்க்கு முன்பே உயிர் போகும். முதலில் நனை. ரம்பம் வைக்காதே. முழு ஷீட்டாகக் கயிறு கட்டி இறக்கு. பாலித்தீனில் சுற்று. துடைப்பத்தால் கூட்டாதே, ஈரத்துணியால் துடை. உடைந்த துண்டைக் கோழிக்கூண்டுக்கும் பள்ளம் நிரப்பவும் கொடுக்காதே.

சொன்னால் கேட்பார்களா என்றால், மேஸ்திரி சொன்னால் கேட்பார்கள். பல இடங்களில் ஆட்களைத் தன் ஊரிலிருந்து கூட்டிவந்தவர் அவர்தான். முன்பணம் கொடுத்தவரும், அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரும் அவர்தான். அமெரிக்கச் சட்டம் எழுதித்தர வேண்டியிருந்த அதிகாரத்தில் ஒரு பங்கு அவர் குரலில் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டுக்காரரின் அவசரத்துக்கு எதிராக அது எவ்வளவு தாங்கும் என்பது வேறு கேள்வி. அதற்கு அரசின் எழுத்தும் துணைக்கு வேண்டும்.

இன்றைக்கு அவரிடம் இல்லாதது ஒன்றுதான். கூரைமேல் நிற்கும் பையன், “அண்ணே, நட்டு துருப்பிடிச்சு நிக்குது, திரும்ப மாட்டேங்குது” என்று குரல் கொடுக்கிறான். கீழே சட்டியோடு நிற்கும் பெண்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். “சுத்தியலால ஷீட்டைத் தட்டி எடுத்துடுடா” என்கிறார் மேஸ்திரி. “ஷீட்டைத் தொடாத, தண்ணி ஊத்திட்டு போல்ட்டை வெட்டு” என்று அவர் சொல்லியிருக்கலாம். யாரும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.