சோவின் துக்ளக்: சுல்தானும் வேடமும்

சோ ராமசாமி இயக்கி நடித்த 'முகம்மது பின் துக்ளக்' (1971) படத்தை ஆசிரியர் கலாசாலை விடுதியில் சீடியில் பார்த்தோம். பாதியில் நண்பர் ஒருவர் எழுந்து போய்விட்டார். முஸ்லிம் மன்னனைக் கோமாளியாக்கிவிட்டார்கள் என்பது அவரது குறை. அன்று நானும் அவர் பக்கமே. அண்மையில் மீண்டும் பார்த்தபோதுதான் நாங்கள் தவறவிட்டது தெரிந்தது.

அந்தக் கதையில் துக்ளக்கே இல்லை. கல்லறையிலிருந்து எழுந்து வந்தவர்களாக இரண்டு இளைஞர்கள் துக்ளக் வேடமும் இப்னு பதூதா வேடமும் போடுகிறார்கள். நாடு நம்புகிறது, ஒருவனைப் பிரதமராகவும் ஆக்குகிறது. மொழிச் சண்டைக்குத் தீர்வாகப் பாரசீகம் வருகிறது. துணைப் பிரதமர் பதவி கேட்டவனுக்கெல்லாம் கிடைக்கிறது. பகிடிக்கு ஆளாவது சுல்தான் அல்ல, வாக்காளன். இது 1968இல் மேடையேறிய நாடகம். தமிழகத்தில் 1965இன் இந்தி எதிர்ப்பும் 1967இன் ஆட்சி மாற்றமும் ஆறாத சூட்டில் எழுதியது. ஆளும் கட்சிக்கு அது உறைத்ததில் வியப்பில்லை.

நண்பரின் குறையை முழுதாகத் தள்ளவும் மாட்டேன். உண்மைத் துக்ளக்கின் கீழ் டில்லியில் காழியாக இருந்த இப்னு பதூதா, 1344இல் நமது நாட்டுக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறியவர். அந்தச் சுல்தானின் கொடையையும் கொடூரத்தையும் அவர் சேர்த்தே எழுதினார். நமது ரசிகனிடம் எஞ்சியதோ தலைநகரை மாற்றிய பைத்தியக்காரன் மட்டும். சோ அந்தப் பெயரை விசாரிக்கவில்லை. கைக்கெட்டிய வேடமாக எடுத்துக்கொண்டார். 1970 ஜனவரியில் தொடங்கிய தன் பத்திரிகைக்கும் அதையே சூட்டினார்.

என்னை உலுக்கியது முடிவுதான். துக்ளக்காக நடித்தவனுக்கு வேடத்தைக் கலைக்க மனமில்லை. உண்மையைச் சொல்லும் தோழனை மக்கள் நம்பவில்லை. சிரிக்க வைத்துக்கொண்டே போன படம் இங்கே பயமுறுத்துகிறது.

இதே சோ 1999 முதல் 2005 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினர். பின்னர் ஜெயா தொலைக்காட்சியின் 'எங்கே பிராமணன்?' தொடரில் தானே தோன்றி, கேட்பவருக்குச் சாஸ்திர விளக்கம் சொன்னார். மேடையில் யாரையும் விட்டுவைக்காத வாய், தான் நம்பியவற்றின் முன்னால் பணிந்து பேசுகிறது. அதை நேர்மை என்பவர்கள் உண்டு. எனக்கு இழப்பாகவே படுகிறது.

2016 டிசம்பரில் சோ இறந்த செய்தி கேட்டதும் எழுந்து போன நண்பரையே நினைத்தேன். இப்போது அவர் ஒரு பாடசாலை அதிபர். அந்த முடிவை அவர் இன்னும் பார்க்கவில்லை. சீடி என்னிடம்தான் கிடக்கிறது, கொடுத்தனுப்ப வேண்டும்.